கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

கதிர்,

இதை நீ படிக்கும்போது சிதம்பரத்தில், புது அலுவலகத்தில் இருப்பாய். பெயின்ட் அடிக்கிறவர்கள் இன்னும் போகவில்லை, அதற்குள் பெயர்ப்பலகை வந்து இறங்கிவிட்டது என்று அப்பா சொன்னார். நம் வீட்டில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பேச வேண்டியதைச் சாப்பிடும்போது பேசிவிடுவோம். ஆனால் நம் சாப்பாட்டுப் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். குழம்பில் உப்பு பற்றி ஆரம்பித்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த பிரிண்டர் நின்றுவிட்டது என்பதில்தான் போய் முடியும். நான் இப்போது சொல்ல நினைப்பதை நடுவில் ஒரு போன் வந்து கலைத்துவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை சிதம்பரத்தில் நம் ஊழியர் கூட்டம் முடிந்து, என்னைக் கடலூரில் விட நீ காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். ஆலப்பாக்கம் தாண்டியதும், "ஏம்மா, நீ ஒண்ணுமே பேசலியே?" என்று கேட்டாய். "தலைவலிடா" என்றேன். ஏசியைக் குறைத்துவிட்டு வீடு வரும்வரை நீயும் பேசாமல் வந்தாய். எனக்குத் தலைவலி இல்லை. அடுத்த மாதத்திலிருந்து நிறுவனம் உன் பொறுப்பு. அப்பா அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார், என் கையெழுத்துதான் மிச்சம். வக்கீல் கொடுத்த காகிதம் என் மேசையில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. கம்ப்யூட்டர் செய்து விற்றுக்கொண்டிருந்த நாங்கள் எப்படி மென்பொருளுக்கும் சேவைக்கும் வந்தோம் என்பது உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டத்தில் புது ஊழியர்களுக்கு நீ நம் கதையை இரண்டே வரியில் சொன்னாய். மார்க்கெட் மாறியது, நாமும் மாறினோம் என்றாய். அது பொய் இல்லை. ஆனால் நடந்தது அது மட்டும் இல்லை.

நான் சிதம்பரத்துப் பெண். கணக்குப் பாடம் படித்துவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்திருந்தேன். உன் அப்பா பாலிடெக்னிக் படித்தவர். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா அவரிடம், "கம்ப்யூட்டர் தொழில்னா என்னா தம்பி? விக்கறதா, ரிப்பேரா?" என்று கேட்டார். "செய்யறது மாமா. பார்ட்ஸ் வாங்கியாந்து நானே பூட்டறேன்" என்றார் உன் அப்பா. இன்னும் நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மாமா என்கிறாரே என்று உள்ளே என் சித்தி சிரித்தாள். எனக்கு அந்த 'நானே பூட்டறேன்' பிடித்துப்போயிற்று. கல்யாணமாகி வந்த பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. சென்னைக்குப் போய் பார்ட்ஸ் வாங்கி, மானிட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நம் பட்டறை. பூட்டி முடித்த ஒவ்வொரு மெஷினிலும் 'கெடிலம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஆற்றின் பெயரை எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டால், "நம்ம ஊர்ல செஞ்சதுன்னு தெரியணுமில்ல" என்பார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பிரவுசிங் சென்டர், பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை என்று இந்த மாவட்டத்தில் எங்கே போனாலும் அந்த ஸ்டிக்கர் கண்ணில் படும். விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, பந்திக்குப் போகாமல் அந்த மெஷின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார் உன் அப்பா. நான் தேடிப்போய் இலைக்கு அழைத்து வந்தேன்.

அந்த மெஷின்களுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது, பிறகு அது போயிற்று. லேப்டாப் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே லேப்டாப் கொடுத்தது. பெரிய கம்பெனிகள் எங்களால் பார்ட்ஸ் வாங்கக்கூட முடியாத விலைக்கு முழு மெஷினையே விற்றார்கள். செல்போன் வந்ததும் பிரவுசிங் சென்டர்கள் வரிசையாக மூடின. உன் அப்பா நல்ல மெஷின் செய்தால் ஆள் வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் வந்தார். அண்ணாகிராமம் பக்கம் அவருக்குத் தோப்பும் உண்டு. நம்மிடம் மெஷின் வாங்கியவர். உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்குது தம்பி. குத்தம் சொல்ல முடியாது. ஆனா என் கணக்குப்பிள்ள காலையிலேர்ந்து அதுல சீட்டு ஆடிக்கினு இருக்கான். எனக்கு அதால என்னா பிரயோஜனம்?" என்றார்.

 அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மறுநாளே பண்ருட்டிக்குப் போய் அவர் குடோனில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எந்த வீட்டுக்கு எவ்வளவு கொட்டை உடைக்கப் போகிறது, பருப்பாகத் திரும்பி வரும்போது முழுசு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, எந்தத் தரம் எந்த ஊர் வியாபாரிக்குப் போகிறது என்று பார்த்து, கேட்டு, அவருக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். அவர் சந்தோஷப்பட்டு இன்னும் நாலு வியாபாரிகளிடம் சொன்னார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? 'கெடிலம் கம்ப்யூட்டர் வாங்கினால் வியாபார புரோகிராம் இலவசம்' என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார். நான் அந்த நோட்டீஸ் கட்டை அப்படியே பரண் மேல் தூக்கிப் போட்டேன். "ஏங்க, அத எழுத எனக்கு எத்தினி மாசம் ஆச்சுன்னு தெரியுமா?" என்றேன். "கோச்சுக்காத. மெஷின்தானே வியாபாரம், அது கூடப் போறதுதானே?" என்றார். அவர் என்னைக் குறைத்துச் சொல்லவில்லை. கையால் தூக்க முடியாத ஒன்றை விற்கலாம் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நம்மிடம் மெஷின் கேட்டு வந்தது. மெஷினோடு அவர்களுக்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. நோயாளியைச் சேர்ப்பது, மருந்துக் கவுன்ட்டர், வார்டு, பில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்த ஒரு புரோகிராம். அது ஓட ஆரம்பித்த பிறகு பழுது வந்தால் பார்க்க ஆளும் நாமே தர வேண்டும். உன் அப்பா கூடாது என்றார். "நாம மெஷின் செய்யறவங்க. ஆஸ்பத்திரி எப்படி நடக்குதுன்னு நமக்கு என்னா தெரியும்? முந்திரிக் கணக்குத் தப்புனா திருத்திக்கலாம். அங்க தப்புனா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பட்டறையில் அந்த மாதம் பூட்டிய மெஷின்கள் அப்படியே அடுக்கில் நின்றன. அங்கே வேலை பார்த்த பையன்களுக்கு அடுத்து என்ன வேலை கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் ஒப்புக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து பட்டறைக்குள் போய்விடுவார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் காலையில் சிதம்பரம் பஸ் ஏறினால், உனக்கு டிபன் கட்டுவது, யூனிபார்ம் தேய்ப்பது எல்லாம் அவர்தான். அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு விவரம் கொடுத்தவர் அதன் மேலாளர். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கறாரானவர். நோயாளியைச் சேர்க்கும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர், வயது, கணவர் பெயர், ஊர், போன் நம்பர். இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிட்டு மேலே போக முடியாதபடி செய்யச் சொன்னார். ரிசப்ஷனில் இருக்கும் பெண்கள் சோம்பல்பட்டு ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது அவர் குறை. நான் எல்லாக் கட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டேன். புள்ளி வைத்தாலோ ஒற்றை எழுத்து அடித்தாலோ மெஷின் ஏற்றுக்கொள்ளாதபடியும் எழுதினேன். யாராலும் ஏமாற்ற முடியாத புரோகிராம் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

அது ஓட ஆரம்பித்த முதல் வாரம், ஏதாவது சிக்கல் வந்தால் பார்க்க ரிசப்ஷனில் செல்வி என்ற பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முற்பகல் நேரம், நல்ல கூட்டம். குமராட்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா, தங்கை. தங்கைக்கு வலி வந்துவிட்டது. மினிபஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். செல்வி பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். தங்கை சொன்னாள். "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வி இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். அக்கா முன்னால் வந்து, மெதுவாக, "அது வேணாம்மா. மேல போட்டுக்கினு போயேன்" என்றாள். செல்வி அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே போகப் பார்த்தாள். மெஷின் போகவில்லை. புள்ளி வைத்தாள். ஏற்கவில்லை. "அக்கா, பேரு இல்லாம அட்மிஷன் நம்பர் வராது. நம்பர் இல்லாம வார்டுல எடுக்க மாட்டாங்க. எதாவது ஒரு பேரு சொல்லுங்க" என்றாள். அவளும் பாவம், எரிச்சலில் சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தத் தங்கை கவுன்ட்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலியோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவன் பேர நான் சொல்ல மாட்டேன். எம் புள்ளைக்கு அவன் பேரு வேணாம்."

கதிர், அதுவரைக்கும் நான் எழுதியதை யாராவது ஒரு குமாஸ்தா உட்கார்ந்து நிரப்புகிறார் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே யோசித்திருந்தேன். அந்தப் பக்கம் நிற்கிற ஆள் யார், எந்த நிலையில் நிற்கிறாள் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அப்பா பூட்டிய மெஷின் யாரிடமும் எதையும் கேட்காது. ஸ்விட்சைப் போட்டால் ஓடும், கெட்டுப்போனால் நிற்கும். நான் எழுதியது கேள்வி கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் ஆளை நிறுத்தி வைக்கிறது. அந்த அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது நான்.

ஒரு நர்ஸ் ஓடி வந்து, "நம்பர அப்புறமா பாத்துக்கலாம், நீ வாம்மா" என்று அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனாள். ஆனால் மருந்துக் கவுன்ட்டரில் நம்பர் கேட்டார்கள். அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கும் ரிசப்ஷனுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் செல்வியை எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். புரோகிராமைத் திறந்து, அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க மறுபடி ஓடவிட்டேன். கட்டம் காலியாக இருக்க, நம்பர் வந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் மேலாளர் நிற்கிறார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"ரெக்கார்டு முழுசா இருக்கணும்னு சொல்லித்தானே வேலைய குடுத்தோம்? மறுபடியும் பழையபடி போடுங்க."

"போட மாட்டேன் சார்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"அப்ப உங்க புரோகிராம நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேங்கில் ஒரு மனுவைத் திருப்பித் தருகிற மாதிரி சொன்னார்.

அன்று பஸ்ஸில் கடலூர் வரும்வரை உன் அப்பாவுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லியும் ஒப்புக்கொண்ட வேலை. மாதக்கணக்கில் வீட்டை விட்டு அலைந்தது. முதல் வாரத்திலேயே போயிற்று. 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்று நான் உடைந்துபோயிருப்பேன். அவர் ஒரு மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு என்னா ஆச்சு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மேலாளரோடு பேசிய பிறகு பையை எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டிருந்தேன். "தெரியலங்க" என்றேன். உன் அப்பாவுக்குக் கோபமே வராது என்று சொல்கிறாய் அல்லவா, அன்று வந்தது. "வேல போனத வந்து இவ்வளவு நேரம் சொல்ற. அவ பெத்தாளா, பொழச்சாளான்னு ஒரு வார்த்த கேக்காம வந்துட்டியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மறுநாள் காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, என்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்துச் சிதம்பரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கினார்.

பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம். அக்காதான் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். உன் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, பையை அக்காவிடம் கொடுத்தார். நீங்கள் யார் என்று அவள் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் செய்யறவங்கம்மா" என்றார். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை, சிரித்தாள்.

கிளம்பலாம் என்று படி இறங்கும்போது பெரிய டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நர்ஸ் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அறைக்குள் மேலாளரும் இருந்தார். டாக்டரம்மா நாங்கள் சொன்னதைக் கேட்டார், மேலாளர் சொன்னதையும் கேட்டார். மேலாளர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. முன்பு ஒருமுறை, ஒரு நோயாளிக்கு அவசரமாக ரத்தம் தேவைப்பட்டபோது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திணறியிருக்கிறார்கள். சீட்டில் கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிதான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்துதான் அவருக்கு இந்தக் கறார். "காலியா விட்டா நாளைக்கு யார்கிட்ட போய் நிக்கறது, சொல்லுங்க" என்றார்.  கட்டாயத்தை எடுக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போது உன் அப்பா பேசினார். பெரிய இடங்களில் பேசவே கூச்சப்படுகிறவர். "சார், புருஷன் பேர எதுக்குக் கேக்கறீங்க? ஒண்ணுன்னா யாருகிட்ட சொல்லணும்னு தெரியறதுக்குத்தானே? அப்ப அதயே கேளுங்க. கூட யாரு வந்திருக்காங்கன்னு கேளுங்க. புருஷன் வந்தா புருஷன் பேரு. அம்மா வந்தா அம்மா பேரு. நேத்து அந்தப் பொண்ணுக்கு அவுங்க அக்கா வந்திருக்காங்க. வந்தவங்க பேர சொல்றதுக்கு யாருக்கும் கஷ்டம் இருக்காது."

 டாக்டரம்மா மேலாளரைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அப்படியே போடுங்க. ஆனா அது கட்டாயம் இருக்கணும்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து 'கணவர் பெயர்' என்றிருந்ததை 'உடன் வந்தவர் பெயர்' என்று மாற்றினேன். வண்டியில் திரும்பி வரும்போது உன் அப்பா தலையைத் திருப்பாமலே, "இதான் உன் வேலயா? எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். அவ்வளவு நாளும் நான் சொல்லிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

இதுதான் நாங்கள் மாறிய நாள். மார்க்கெட் எங்களைத் தள்ளியது உண்மை. ஆனால் தள்ளப்பட்ட இடத்தில் நிற்க எங்களுக்குக் கால் கிடைத்தது அந்த அறையில்தான். அதற்குப் பிறகு உன் அப்பா என்னோடு எல்லா இடத்துக்கும் வர ஆரம்பித்தார். நான் புரோகிராமைக் காட்டிக்கொண்டிருப்பேன். அவர் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அரிசி ஆலை, உரக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலை பெருகியது. பட்டறையை மூடுகிற நாள் வந்தபோது நான் பயந்தேன். அழுவாரோ என்று முறுக்கும் காபியும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அப்பாடா, இனிமே மடியில மானிட்டர வெச்சுக்கினு பஸ்ல வர வேணாம்" என்றார். அங்கே மெஷின் பூட்டிய பையன்கள்தான் பிறகு நம் சர்வீஸ் ஆட்களாக ஊர் ஊராகப் போனார்கள். போன சனிக்கிழமைக் கூட்டத்தில் உனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜர் அவர்களில் ஒருவர்தான்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ சொன்ன திட்டத்தில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் அந்த ஆஸ்பத்திரிக் குழுமம் நம் மென்பொருளைக் கேட்டு வந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. அவர்களுக்கு இரவும் பகலும் ஆள் தர வேண்டும். அதற்கு இப்போது போன் எடுக்கும் பிள்ளைகளை அங்கே மாற்ற வேண்டும். சின்ன வாடிக்கையாளர்கள் இனிமேல் ஆப் மூலமாகத்தான் குறை சொல்ல வேண்டும், போன் கிடையாது என்கிறாய். போன் எடுக்கிற பிள்ளைகள் நாள் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் உண்மை. அவர்கள் அழுவதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்தில் இப்படியா என்று கேட்கிற ஆள் நான் இல்லை. அப்பா தன் கையால் பூட்டியதைத் தானே மூடினார். நான் எழுதியதை மூட உனக்கும் உரிமை உண்டு.

ஆனால் திரையில் அந்த ஆப்பைப் போட்டுக் காட்டினார்களே, அங்கேதான் எனக்குப் பேச்சு நின்றது. 'உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்டது. எட்டோ பத்தோ பிரச்சினைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம். எந்தப் பிரச்சினையும் பொருந்தாத ஆள் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரமும் இருந்தது. எனக்கு அந்தக் கவுன்ட்டரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு கைகளும் கண் முன்னால் வந்தன. கைதூக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பழைய ஆட்கள் எல்லோரும், அம்மா சொல்றது சரி என்று தலையாட்டியிருப்பார்கள். புதியவர்கள் உன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நீ எனக்காக விட்டுக்கொடுத்திருப்பாய், இல்லை எனக்கு முன்னால் வீம்புக்கு நின்றிருப்பாய். இரண்டில் எது நடந்தாலும் அந்த வரிசையில் எதுவும் பொருந்தாத ஆளைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

நீ முடிவெடுக்கும் முன் ஒன்று மட்டும் செய். யாரிடமும் சொல்லாமல், ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கடையில் போய் ஒருநாள் உட்கார். நம் மென்பொருளைப் பார்க்காதே. அதற்கு முன்னால் நிற்கிறவரைப் பார். மேலாளர் கறாராக இருந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தப் பெண் சொல்ல மறுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு பேரையும் நிற்க வைக்காத கேள்வி ஒன்று எங்கேயோ இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் தொழில் என்று நான் நினைக்கிறேன். உனக்கு வேறு மாதிரித் தோன்றலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து தோன்றட்டும்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதையும் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ என்ன செய்யப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போடலாம் என்று இரண்டு நாள் வைத்திருந்தது உண்மை. அப்படிச் செய்தால் உனக்குக் கொடுத்ததாக ஆகாது என்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது, போட்டுவிட்டேன். இனி நிறுவனம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது.

இதற்குப் பிறகு நான் கேட்பது முதலாளியிடம் ஒரு வெளியாள் கேட்பது. ஒரே ஒரு போனையாவது வைத்திருக்கலாம் என்று நீ நினைத்தால், அதை எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நான் விண்ணப்பிக்கிறேன். ஆஸ்பத்திரி, உரக்கடை, முந்திரி, மூன்றும் தெரியும். கணக்கு படித்திருக்கிறேன். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் சாயங்காலத்தில் கொஞ்சம் மங்கல். அப்பாவைச் சிபாரிசு செய்யச் சொன்னேன். "ஜாஸ்தி பேசுவா, யோசிச்சு எடுக்கச் சொல்லு" என்கிறார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சிதம்பரம் வருகிறேன். காரை அனுப்பாதே. மற்றவர்களை எப்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்பாயோ அப்படியே கேள். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அங்கேயே, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிவிடு. திரும்பி வரும்போது எனக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் என் மகன் என்னிடம் ஒன்றை நேராகச் சொல்லப் பழகிவிட்டான் என்று அப்பாவிடம் சொல்ல, வீட்டுக்கு ஒரு செய்தியோடு வருவேன்.

திங்கட்கிழமை பார்க்கலாம்.

அம்மா